பாகப்பிரிவினையும் பதில் பேசாத பெட்டியும்

விண்டோஸ் கணினியின் பொறுமைக்கு அளவு ஐந்து விநாடி. திறந்திருக்கும் மென்பொருள் ஒன்று ஐந்து விநாடி நேரம் எதற்கும் பதில் பேசாவிட்டால், அது கைவிட்டுப்போன கேஸ் என்று விண்டோஸ் முடிவு கட்டிவிடும். உடனே அந்த ஜன்னலை மறைத்துவிட்டு, அதே இடத்தில், அதே அளவில், அதே முகத்தோடு ஒரு போலி ஜன்னலை நிறுத்தி, தலைப்பில் ‘நாட் ரெஸ்பான்டிங்’ என்று எழுதிவைக்கும். மைக்ரோசாஃப்ட்டின் தொழில்நுட்பக் குறிப்புகளிலேயே இதற்கு ‘கோஸ்ட் விண்டோ’ என்றுதான் பெயர். ஆக, உறைந்துபோன மென்பொருளை ஓரத்துக்கு இழுத்துப் பார்ப்பவர், சுருக்கிப் பார்ப்பவர், ஆத்திரத்தில் எக்ஸ் குறியைக் குத்துபவர் எல்லாருமே மல்லுக்கட்டுவது ஒரு பேயோடு.

தேனி மாவட்டத்துக் கம்பத்தில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் இந்தப் பேயோடு ஒரு கோடை முழுக்கக் குடித்தனம் நடத்தினார்.

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் தமிழ்வழிப் பள்ளிகளில் வேலை பார்த்தவர் அவர். பாடம் எடுத்தது தமிழில். லீவு கேட்டது, சம்பள பில்லுக்கு அலைந்தது, மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது எல்லாம் மலையாளத்தில். அதனால் மலையாளத்தில் அரசாங்க நடை அவருக்கு நன்றாகக் கைவந்தது. மீன் வாங்கும் நடைதான் கடைசிவரை வரவில்லை. ஓய்வுக்குப் பிறகு, பிள்ளைகள் வாங்கிக்கொடுத்த கணினியை வைத்துக்கொண்டு, மலையாளப் பத்திரங்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பெயர்த்துக் கொடுக்க ஆரம்பித்தார். ஊருக்கு அவர் இன்னும் வாத்தியார்தான். பெயர் சொல்லிக் கூப்பிடுபவர்கள், அவருடைய மனைவி உட்பட, யாரும் கிடையாது.

தேனி மாவட்டத்தில் இந்தத் தொழிலுக்குப் பஞ்சம் வராது. 1996இல் மதுரையிலிருந்து பிரிந்து தனி மாவட்டமான தேனிக்கு மேற்கே மலை. மலை ஏறினால் கேரளா. போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி என்று ஏற மூன்று வழி. விடிவதற்கு முன்னால் ஜீப்புகள் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஏலத்தோட்டங்களுக்குப் போகும். பொழுது சாய்ந்தால் இறக்கிக்கொண்டு வரும். தோட்டம் உடும்பன்சோலைத் தாலுகாவில், வீடு போடியிலோ கம்பத்திலோ, கடன் கொடுக்கும் வங்கி வீட்டுக்கு எதிரில். தோட்டத்துப் பத்திரம் மலையாளத்தில் இருக்கும். வங்கியின் வக்கீலுக்கோ மலையாளத்தில் தெரிந்தது சினிமா மட்டும். நடுவில் வாத்தியார்.

மொழி இந்தக் கம்பம் பள்ளத்தாக்குக்கு என்றைக்கும் தடையாக இருந்ததில்லை. வீட்டுக்குள் தெலுங்கு பேசும் குடும்பங்களும் கன்னடம் பேசும் குடும்பங்களும் தெருவுக்கு வந்தால் தமிழில் வழக்கடிக்கும், மலை ஏறினால் மலையாளத்தில் விலை பேசும். மூன்று மொழியில் திட்டவும் நான்கு மொழியில் கடன் கேட்கவும் தெரிந்தவர்கள் இங்கே சாதாரணம். பத்திரமும் புதிதல்ல. பள்ளத்தாக்கில் இரண்டு போகம் நெல் விளைவதே ஒரு பத்திரத்தின் தயவில்தான்: 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் மகாராஜாவுக்கும் பிரிட்டிஷ் அரசுக்கும் இடையே கையெழுத்தான முல்லைப்பெரியாறு குத்தகை. 8,000 ஏக்கர், 999 ஆண்டு, ஏக்கருக்கு ஐந்து ரூபாய் வீதம் வருஷம் 40,000 ரூபாய். பென்னிகுயிக் கட்டிய அணை 1895இல் முடிந்தது. பத்திரத்தைப் பற்றிய வாதம் இன்னும் முடியவில்லை.

இயந்திரத்துக்கு மொழிபெயர்ப்பு சொல்லிக்கொடுக்கும் முயற்சியும் வயதானதுதான். 1954 ஜனவரி 7 அன்று நியூயார்க்கில் ஐபிஎம் நிறுவனமும் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகமும் சேர்ந்து, அறுபதுக்கும் மேற்பட்ட ரஷ்ய வாக்கியங்களைக் கணினியைக்கொண்டு ஆங்கிலத்தில் பெயர்த்துக் காட்டின. கையிருப்பு 250 சொற்கள், ஆறே ஆறு இலக்கண விதிகள். இன்னும் மூன்றிலிருந்து ஐந்து ஆண்டுகளில் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று சொன்னார்கள். ஆனால் வாக்கியங்களைப் பொறுக்கி எடுத்திருந்தார்கள்: எல்லாம் சின்னச் சின்ன வாக்கியம், கேள்வி கிடையாது, ‘இல்லை’ என்று மறுக்கும் வாக்கியமும் கிடையாது. ‘இல்லை’ இல்லாமல் இரண்டு வரிகூட எழுத முடியாத பாகப்பிரிவினைப் பத்திரத்தை அன்றைக்கே ஒருவர் நீட்டியிருந்தால், அடுத்த பன்னிரண்டு ஆண்டுச் செலவு மிச்சம். அமெரிக்க அரசு அமைத்த ஆல்பாக் குழு 1966இல், இயந்திரம் மனிதரைவிட மெதுவாக, பிழையாக, இரண்டு மடங்கு செலவில் மொழிபெயர்க்கிறது என்று அறிக்கை கொடுத்ததும் பண வரத்து வற்றிப்போனது.

பிறகு காலம் மாறியது. கூகுள் மொழிபெயர்ப்பில் தமிழ் 2011 ஜூனில் நுழைந்தது. மலையாளம் வந்து சேர 2014 டிசம்பர் ஆனது. இடைப்பட்ட மூன்றரை ஆண்டுகளும் குமுளி வழியாகக் காய்கறி ஏற்றிப்போன லாரி டிரைவர்கள் யாரும் அதற்காக வண்டியை நிறுத்தி வைத்திருக்கவில்லை. 2022 ஜூலையில் மத்திய அரசு பாஷிணி என்ற மொழிபெயர்ப்புச் சேவையைத் தொடங்கியது. 2023 டிசம்பரில் காசி தமிழ்ச் சங்கமத்தில் பிரதமரின் இந்திப் பேச்சு அதன்வழியாக உடனுக்குடன் தமிழில் கேட்டது.

மொழிபெயர்ப்பு மென்பொருள் என்று தலைப்பெடுத்தால், அது செய்யும் கோமாளித்தனமான மொழிபெயர்ப்புகளைத்தான் வாசகர்கள் எதிர்பார்ப்பார்கள். வாத்தியாரின் மென்பொருள்மீது அந்தப் பழியைப் போட முடியாது. தப்பாக மொழிபெயர்க்கவேண்டும் என்றால் முதலில் மொழிபெயர்க்கவேண்டும்.

அது, தானே எல்லாவற்றையும் மொழிபெயர்த்துத் தள்ளும் வகையும் அல்ல. தொழிலாக மொழிபெயர்ப்பவர்களுக்கென்று இருக்கும் வகை. பத்திரத்தை உள்ளே போட்டால் வாக்கியம் வாக்கியமாக வெட்டி, இடது பக்கம் மூலம், வலது பக்கம் காலிக் கட்டம் என்று காட்டும். மொழிபெயர்ப்பாளர் கட்டத்தை நிரப்ப நிரப்ப, மூலத்தையும் மொழிபெயர்ப்பையும் ஜோடியாக ஒரு நினைவகக் கோப்பில் சேர்த்துவைக்கும். அடுத்த பத்திரத்தில் அதே சாயலில் ஒரு வாக்கியம் வந்தால், ‘இதைப் பார்த்திருக்கிறேன், 85 சதவீதம் பொருந்துகிறது’ என்று பழையதை எடுத்து நீட்டும். பத்திரத்தில் பாதிக்குமேல் தாத்தா காலத்திலிருந்து திரும்பத் திரும்ப வரும் வாசகம்தான் என்பதால், வாத்தியாருக்கு இது பெரிய உபகாரம். தேவைப்பட்டால் இணையத்தில் இருக்கும் மொழிபெயர்ப்பு இயந்திரத்தையும் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லும்.

வந்து சேர்ந்த பத்திரம் ஒரு பாகப்பிரிவினை. தாத்தா வாங்கிய ஏலத்தோட்டம், பேரன்கள் இரண்டு பேர். அண்ணன் போடியில் ஏலக்காய் வியாபாரி. தம்பிக்குச் சுருளிப்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டம். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து, ஏலக்காயைப் பற்றி யாராவது பேசினால் தம்பி வெறுமனே சிரிப்பார். இருவரும் ஒரே வீட்டுக்கு ஒரே வேலையாக வந்தாலும், ஒரே நேரத்தில் வருவதில்லை.

முதல் நாள் ஒழுங்காக ஓடிய மென்பொருள், அதன்பின் கொஞ்ச தூரம் போய் நிற்க ஆரம்பித்தது. நீல வளையம் சுற்றும். திரை வெளுக்கும். தலைப்பில் பேய் ஏறும்.

“என்ன வாத்தியாரே, முடிஞ்சிருச்சா?” என்று வந்தார் அண்ணன்.

“நின்னுபோச்சுப்பா.”

“பத்திரமா?”

“பெட்டி.”

அண்ணனுக்கு அதிர்ச்சி. போடியில் ஸ்பைசஸ் போர்டின் கூடத்தில் ஏலக்காய் ஏலமே கணினியில்தான் நடக்கிறது. மலைக்கு அந்தப் பக்கம் புற்றடியிலும் அப்படியே. வியாபாரிகள் வரிசையாகத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து விலையை ஏற்றுவார்கள். “அங்க இப்பிடி நின்னா, நாம அமுக்குறதுக்குள்ள சரக்கு அங்கிட்டுப் போயிரும். சூடு வாத்தியாரே, பெட்டி சூடாயிருச்சு. ஸ்டோர்ல காய் காயப்போட்டா நாங்க வெக்கையைப் பார்த்துக்கிட்டே இருப்போம்ல?” என்று சொல்லி, கூடத்திலிருந்த டேபிள் ஃபேனைத் தூக்கிக் கணினிக்கு நேராக வைத்துவிட்டுப் போனார். அவர் சொன்னது முழுத் தப்பும் அல்ல. சூடு ஏறினால் பிராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆனால் குறைத்துக்கொண்டு நகரும். இப்படி மணிக்கணக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருக்காது. காற்று வாத்தியாரின் காகிதங்களை அள்ளிக்கொண்டு போனதுதான் மிச்சம்.

தம்பி வந்தார். திராட்சைக்காரர் என்பதால் அவருக்கு எல்லா நோய்க்கும் காரணம் பூச்சி. “வைரஸ் இருக்கும் வாத்தியாரே. மருந்து அடிச்சுருவோம்.” ஏற்கெனவே ஓர் ஆன்டிவைரஸ் இருக்கிறது என்று வாத்தியார் சொல்லிப் பார்த்தார். “ஒரு மருந்துக்கு இப்பல்லாம் எங்க கேக்குது?” என்று தன் மகனை விட்டு இரண்டாவது ஒன்றையும் போடவைத்தார். ஒரே கணினியில் இரண்டு ஆன்டிவைரஸ் காவல் இருந்தால், ஒன்று திறக்கும் கோப்பை மற்றொன்று மடக்கிச் சோதிக்கும். பெட்டி இன்னும் மந்தமானது. வாத்தியாரின் நினைவகக் கோப்பு வாக்கியத்துக்கு வாக்கியம் மாறிக்கொண்டே இருப்பது. மாறும்போதெல்லாம் இரண்டு பேரிடமும் அனுமதிச் சீட்டு வாங்கவேண்டியிருந்தது.

எதிர்வீட்டு ஜீப் டிரைவர் ரொம்ப யோசிக்கவில்லை. “ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கண்ணே. மெட்டுல ஏறுறப்ப மக்கர் பண்ணுனா நாங்க அதைத்தான் செய்வோம்.” இது உலகப் பொது வைத்தியம். இதற்கான மூன்று சாவிக் கூட்டை, கண்ட்ரோல்-ஆல்ட்-டெலீட் என்பதை, 1981இல் வெளிவந்த முதல் ஐபிஎம் பிசிக்காக ஐபிஎம் பொறியாளர் டேவிட் பிராட்லி எழுதினார். அது நிரல் எழுதுபவர்களின் சொந்த உபயோகத்துக்காக. பொதுமக்கள் கைக்குப் போகும் என்று அவர் நினைக்கவில்லை. அணைத்துப் போட்டால் கணினியின் தற்காலிக நினைவு துடைபடும், பல கோளாறுகள் அதோடு ஓடிவிடும். வாத்தியாரின் கோளாறு ஓடவில்லை. பத்திரத்தில் அதே இடம் வந்ததும் மறுபடி நின்றது. இந்த ‘அதே இடம்’ என்பதை அப்போது யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சர்வீஸ் பையன் வந்தான். கணினியைத் தொடுவதற்கு முன்னாலேயே தீர்ப்பு தயாராக இருந்தது. “ஃபார்மேட் அடிச்சுரலாம் சார்.” கோப்புகள் என்ன ஆகும் என்று கேட்டதற்கு, “எது வேணுமோ அதை மட்டும் சொல்லுங்க, எடுத்து வெச்சிருவோம்” என்றான். ஆயுள் முழுக்க எதையும் தூக்கிப்போடாத ஒரு வாத்தியாரிடம் கேட்கக்கூடாத கேள்வி அது. சென்னையிலிருந்து மருமகன் போனில் வந்தார். “மாமா, நான் ரிமோட்ல உள்ள வர்றேன், நீங்க எதையும் தொடாதீங்க.” வந்தார். உறைந்திருந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் அவருடைய ரிமோட் ஜன்னலும் வெளுத்தது. இப்போது பேய் இரண்டு.

ஜெராக்ஸ் கடைக்காரர் சொன்னதில்தான் முதன்முதலாகச் சரக்கு இருந்தது. வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பம். “எழுத்துல கோளாறு இருக்கும் சார். எங்க தெலுங்கு எழுத்து ஒண்ணே ஒண்ணு ஐஃபோனையே படுக்கவெச்சுச்சே, ஞாபகம் இல்லையா?” நடந்த கதைதான். 2018 பிப்ரவரியில், ஒரு குறிப்பிட்ட தெலுங்குக் கூட்டெழுத்து செய்தியாக வந்து சேர்ந்தால் ஐஃபோனில் செயலிகள் படார் படாரென்று மூடிக்கொண்டன, திறந்தால் திரும்ப மூடிக்கொண்டன. ஒற்றை எழுத்தைத் திரையில் வரையத் தெரியாமல் அவ்வளவு விலை போன் திணறியது. ஆப்பிள் அதே மாதம் 11.2.6 பதிப்பை விட்டுச் சரிசெய்தது.

வாத்தியார் இந்த வழியில் தேடிப் போனார். உறைவதற்குக் காரணம் கிடைக்கவில்லை, வேறொன்று கிடைத்தது. மலையாளத்தில் ‘சில்லு’ எழுத்துகள் என்று உண்டு, நம் மெய்யெழுத்துக்கு உறவுமுறை. 2008இல் வந்த யூனிகோட் 5.1 பதிப்புதான் சில்லுகளுக்குத் தனித்தனி இடம் ஒதுக்கியது. அதற்கு முன்னால் எழுத்து, அதை மெய்யாக்கும் சந்திரக்கலை, கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்புக்குறி என்று மூன்றைச் சேர்த்து எழுதினார்கள். இரண்டு முறையிலும் திரையில் தெரிவது ஒரே எழுத்து. மனிதக் கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. அதனால்தான் பழைய கோப்புகளில் இருந்த வாசகம் புதிய பத்திரத்தில் அட்சரம் பிசகாமல் வந்தபோதும் மென்பொருள் ‘கொஞ்சம் வேறு மாதிரி இருக்கிறது’ என்று சாதித்திருக்கிறது. தமிழிலும் இந்தத் தொல்லை உண்டு. ‘கொ’ என்பதை ஒற்றைக் குறியாகவும் தட்டலாம், கொம்பையும் காலையும் தனித்தனியாகவும் தட்டலாம். ‘ஸ்ரீ’ எழுதவும் இரண்டு வழி. கல்யாணப் பத்திரிகையில் இதை யாரும் கண்டுபிடிக்க முடியாது. நினைவகக் கோப்பு கண்டுபிடித்துவிடும்.

இத்தனைக்கும் நடுவே வாத்தியாரின் மனைவி ஒரே ஒரு யோசனைதான் சொன்னார். “ஏழரை நடக்குது உங்களுக்கு. குச்சனூருக்கு ஒரு எட்டுப் போயிட்டு வருவோம்.”

சின்னமனூருக்குப் பக்கத்தில் சுயம்பு சனீஸ்வரர் கோயில் கொண்டிருக்கும் ஊர் குச்சனூர். ஆடி மாதச் சனிக்கிழமைகளில் நிற்க இடம் இருக்காது. சூரியனை ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ இருபத்தொன்பதரை ஆண்டு எடுத்துக்கொள்ளும் கிரகத்தின் சந்நிதியில் வேகத்துக்காக வேண்டிக்கொள்வது எந்த அளவுக்குப் பொருத்தம் என்று வாத்தியாருக்கு ஒரு சந்தேகம். ஆனாலும் கிளம்பினார். கிளம்பும் அவசரத்தில், உறைந்துகிடந்த மென்பொருளை மூடாமல் அப்படியே விட்டுவிட்டார். எள் தீபம் போட்டு, வழியில் சொந்தக்காரர் வீட்டில் சாப்பிட்டு, சாயங்காலம் திரும்பிவந்து பார்த்தால் திரை தெளிந்திருந்தது. பேய் போய்விட்டது. கட்டம் காலியாக, நிரப்பக் காத்துக்கொண்டிருந்தது.

“நான் சொல்லல?” என்றார் மனைவி.

யாருக்கு நன்றி சொல்வது என்பதில் அந்த வீட்டில் இன்றுவரை கருத்து வேறுபாடு இருக்கிறது. ஆனால், வைத்தியம் சொன்ன அத்தனை பேரிலும் நோயைக் கிட்டத்தட்டச் சரியாகச் சொன்னவர் அந்த அம்மாள்தான். பெட்டி நின்றுபோகவில்லை. மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது.

இந்த வித்தியாசம் பெரிது. உறைந்த மென்பொருளில் இரண்டு ஜாதி. ஒன்று, எதற்காகவோ காத்துக்கிடப்பது: இணையத்திலிருந்து வரவேண்டிய பதிலுக்கு, வேறொரு நிரல் பிடித்துவைத்திருக்கும் கோப்புக்கு. இன்னொன்று, தலை நிமிராமல் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பது. வெளியே இரண்டும் ஒரே மௌனம். டாஸ்க் மேனேஜரைத் திறந்து சிபியு என்ற பத்தியைப் பார்த்தால் குட்டு வெளிப்படும். சுழியத்தில் கிடந்தால் காத்திருக்கிறது. நான்கு கோர் உள்ள கணினியில் 25 சதவீதத்தில் அசையாமல் நின்றால், ஒரு கோர் முழு மூச்சில் உழைக்கிறது என்று அர்த்தம். வாத்தியாரின் மென்பொருள் 25இல் நின்றது. அது வேலைசெய்துகொண்டிருந்தது, என்ன வேலை என்பதுதான் கேள்வி.

இங்கேதான் ‘அதே இடம்’ ஞாபகத்துக்கு வந்தது. நிரல் எழுதுபவர்களின் பழைய உத்தி ஒன்று உண்டு: சந்தேகத்துக்குரிய கோப்பைப் பாதியாக வெட்டு, எந்தப் பாதி நிற்கிறதோ அதை மறுபடி பாதியாக வெட்டு. 64 பக்கம் இருந்தாலும் ஆறு வெட்டில் ஒற்றைப் பக்கத்துக்கு வந்துவிடலாம். அண்ணன் தம்பி பிரித்துக்கொள்வதற்கு முன்னால் பாகப்பிரிவினைப் பத்திரத்துக்கே பாகப்பிரிவினை நடந்தது. தம்பி எதிர்பாராத நேரத்தில் வந்து, “எங்களுக்கு முன்னாடியே நீங்க பிரிச்சிட்டீங்களா?” என்று கேட்டுவைத்தார்.

வெட்டிக்கொண்டே போனால், கடைசியில் மிஞ்சியது ஒரு வாக்கியம். ஒரே ஒரு வாக்கியம். ஆனால் பக்கம் பக்கமாக நீண்டது. தாத்தா தோட்டத்தை வாங்கிய விவரத்தில் ஆரம்பித்து, அவர் காலமானது, வாரிசுகள் யார் யார், நான்கு எல்லை, மாமரம், ஓடை, ஸ்டோர் கட்டடம், ஜீப் போகும் பாதை, பாதையில் யாருக்கு என்ன பாத்தியம், யாருக்கு இல்லை என்று காற்புள்ளியும் அரைப்புள்ளியுமாக ஓடி, முற்றுப்புள்ளி என்ற ஒன்றைக் கண்ணில் காட்டாமலே சொத்து விவரப் பட்டியலில் போய் முட்டியது. மென்பொருள் முற்றுப்புள்ளியைக் கண்டால் வெட்டுவது. முற்றுப்புள்ளி இல்லாததால் மொத்தத்தையும் ஒரே கட்டத்தில் போட்டுவிட்டது.

அப்புறம் நடந்தது கணக்கு. இரண்டு வாக்கியங்கள் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்று பார்க்க, ஒன்றை மற்றொன்றாக மாற்ற எத்தனை எழுத்தைச் சேர்க்க, நீக்க, மாற்ற வேண்டும் என்று எண்ணுவார்கள். இந்த அளவுகோலை 1965இல் வெளியிட்டவர் சோவியத் கணித அறிஞர் விளாதிமிர் லெவன்ஷ்டீன். இதில் ஒரு வில்லங்கம்: வேலையின் அளவு இரண்டு வாக்கியங்களின் நீளத்தையும் பெருக்கினால் வரும் எண். சொல்லுக்குப் பத்து எழுத்துக்குறி என்று வைத்துக்கொண்டால், இருபது சொல் வாக்கியம் 200 குறி. அதே நீளத்தில் இன்னொன்றோடு ஒப்பிட 40,000 படி. தொள்ளாயிரம் சொல் வாக்கியம் 9,000 குறி. அதே நீளத்தில் இன்னொன்றோடு ஒப்பிட 8 கோடியே 10 லட்சம் படி. அது ஒரே ஒரு ஜோடிக்கு. வாத்தியாரின் நினைவகத்திலோ இதே மாதிரிப் பழைய பத்திர வாக்கியங்கள் கொள்ளை கொள்ளையாக இருந்தன. ஒவ்வொன்றையும் எடுத்து, இதுவா அதுவா என்று பார்த்துக்கொண்டிருந்த பெட்டியைத்தான் ஊரே சேர்ந்து வைரஸ் என்றது.

வாத்தியார் நேராக ஒரு வயதான பத்திர எழுத்தரிடம் போனார். மலையாளத்திலும் தமிழிலும் பத்திரம் எழுதத் தெரிந்த மனிதர். சார்பதிவாளர் அலுவலக வாசலிலேயே தலை நரைத்தவர்.

“ஏண்ணே, நடுவுல நாலு முற்றுப்புள்ளி வெச்சா என்னண்ணே குறைஞ்சிரும்?”

“புள்ளி வெச்சா பின்னாடி எடம் விழும் வாத்தியாரே. எடம் விழுந்தா எவனாச்சும் ஒரு வார்த்தையை உள்ள சொருகிப்புடுவான். ‘இல்லை’ங்கிற ஒத்தை வார்த்தை போதும், தோட்டமே போயிரும்.”

இதைக் குருட்டு வழக்கம் என்று ஒதுக்கமுடியாது. இங்கிலாந்தில் சொத்துப் பத்திரம் எழுதிய வக்கீல்களும் நூற்றாண்டுக் கணக்கில் நிறுத்தக்குறிகளைத் தவிர்த்தே எழுதினார்கள். பின்னால் ஒரு புள்ளியைத் திருத்திப் பொருளை மாற்றிவிடலாம் என்ற பயம் அங்கேயும் இருந்தது.  மோசடிக்காரனைத் தடுக்கக் கட்டிய சுவர், பல தலைமுறைக்குப் பிறகு கம்பத்தில் ஒரு மென்பொருளைத் தடுத்து நிறுத்தியிருக்கிறது. சுவர் நல்ல சுவர்தான்.

வைத்தியம் எளிது. மென்பொருளின் அமைப்பில் வாக்கியம் வெட்டும் விதிகள் என்று ஒரு பட்டியல் உண்டு. அரைப்புள்ளியைக் கண்டாலும் வெட்டு என்று வாத்தியார் ஒரு விதி சேர்த்தார். மலையாளப் பத்திரம் குளிர்ந்தது, கட்டம் கட்டமாகப் பிரிந்தது, பெட்டி ஓடியது. ஒரு மணி நேரம் நிம்மதி. அதன்பின் தம்பி கொடுத்திருந்த தமிழ்க் காகிதங்களைத் திறந்தார். அவை பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தவை. பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளி எந்தச் சாவியில் இருக்கிறது என்றால், ஆங்கில அரைப்புள்ளிச் சாவியில். அதாவது மனிதர் பார்க்கும் ஒவ்வொரு மெய்யெழுத்துப் புள்ளியும் கணினிக்கு ஓர் அரைப்புள்ளி. புதிய விதி தமிழின் எல்லாப் புள்ளியிலும் கத்தியை வைத்தது. ‘கம்பம்’ என்ற ஊர்கூட ‘கம்’ ஒரு கட்டம், ‘பம்’ ஒரு கட்டமாகப் பிரிந்தது. காகிதங்களை யூனிகோடுக்கு மாற்றிவிட்டு, அரைப்புள்ளிக்குப் பின்னால் இடம் இருந்தால்தான் வெட்டவேண்டும் என்று விதியைத் திருத்தியபிறகே ஊர் ஒன்று சேர்ந்தது.

அத்தோடும் விடவில்லை. பத்திரத்தில் முற்றுப்புள்ளியே கிடையாது என்று சொன்னது அந்த நீள வாக்கியத்துக்குத்தான். மற்ற இடங்களில் இனிஷியலுக்குப் புள்ளி தாராளம். தாத்தாவின் பெயருக்கு முன்னால் இருந்த இரண்டு இனிஷியலையும் மென்பொருள் இரண்டு தனி வாக்கியங்களாக எடுத்துக்கொண்டது. திரையைப் பார்த்த அண்ணன் பதறிப்போய், “என்ன வாத்தியாரே, தாத்தா மூணு பேரா ஆயிட்டாரு? பங்கு கூடிருமா?” என்றார். ‘ச.எண்.’, ‘ரூ.’, ‘த/பெ.’ என்று ஒரு விதிவிலக்குப் பட்டியலைத் தட்டி முடிக்க வாத்தியாருக்கு ஒரு சாயங்காலம் பிடித்தது. இந்த மென்பொருள்கள் ஆங்கிலத்துக்கு ‘மிஸ்டர்’, ‘டாக்டர்’ எல்லாவற்றையும் விதிவிலக்கில் போட்டுத்தான் வருகின்றன. அப்பா பெயரையும் ஊர்ப் பெயரையும் ஒற்றை எழுத்தாகச் சுருக்கித் தலைக்கு முன்னால் வைத்துக்கொள்ளும் ஒரு ஜனம் உலகத்தில் இருப்பதை அவற்றைச் செய்தவர்களுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை. நிரல் எழுதுபவர்கள் யாராவது இதைப் படித்தால், ஒரு பழைய பாகப்பிரிவினைப் பத்திரத்தைச் சோதனைக் கோப்பாக வைத்துக்கொள்வது நல்லது. அதில் தேறினால் எதிலும் தேறும்.

மொழிபெயர்ப்பு முடிந்து, இரண்டு நகல் எடுத்து, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டு, வாத்தியார் அண்ணன் தம்பி இருவரிடமும் கொடுத்தார். வங்கியில் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் படித்துவிட்டு முத்திரை குத்தினார்கள். அந்த வாக்கியம் இருந்தது நடுவில்.

உங்கள் வீட்டிலும் ஒரு மென்பொருள் உறைந்து நின்றால், முதல் வேலையாக உங்கள் கோப்பைப் பென் டிரைவில் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்து டாஸ்க் மேனேஜரைத் திறந்து, காத்திருக்கிறதா, கணக்குப் போடுகிறதா என்று பாருங்கள். காத்திருந்தால் இணையத்தைத் துண்டித்துப் பாருங்கள், ஆன்டிவைரஸ் இரண்டு இருந்தால் ஒன்றை அனுப்பிவையுங்கள். கணக்குப் போட்டால், எந்த இடத்தில் நிற்கிறது என்று குறித்துவைத்துக் கோப்பைப் பாதி பாதியாக வெட்டுங்கள். இதற்குள் யாராவது வந்து ‘ஃபார்மேட் அடிச்சுரலாம்’ என்றால், எதிர்த்துப் பேசவேண்டாம். காசு கொடுத்து டீ வாங்கிவர அனுப்பிவிடுங்கள். கம்பத்தில் கூட்டமில்லாத டீக்கடை கிடையாது, அவர் திரும்பிவர எப்படியும் அரைமணி ஆகும்.